நம்பிக்கைகளும் உண்மைகளும்: முதல் பெரிய வண்டி

“அண்ணே, புல்லட்டு நம்ம வல்லத்துலதானே செய்யுறாங்க?”

டீக்கடையில் இதைக் கேட்ட தம்பிக்கு 22 வயது. அப்பாவின் ஸ்ப்ளெண்டரில் ஓட்டக் கற்று, எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கி, மூன்று வருஷமாகத் திண்டிவனத்துக்கு வேலைக்குப் போய் வருகிறவர். முன்பணம் சேர்ந்துவிட்டது. அடுத்தது பெரிய வண்டிதான் என்று முடிவு செய்துவிட்டார். எந்த வண்டி என்பதுதான் அன்றைய பேச்சு.

அவர் சொன்னதில் பாதி உண்மை. ராயல் என்ஃபீல்டு ஆலை ஒன்று வல்லத்தில் இருக்கிறது. ஆனால் அது ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வல்லம் வடகால். 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியாவாகத் தொடங்கி, திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் ஓடி, 2013இல் ஒரகடத்துக்கும் 2017இல் வல்லம் வடகாலுக்கும் விரிந்த கம்பெனி அது. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே இருக்கிற நம் வல்லத்தில் விளைவது நெல், மல்லாட்டை, கரும்பு.

ஊர்ப் பெயர் குழம்பினால் யாருக்கும் கை கால் முறியாது. அடுத்த அரைமணி நேரத்தில் அதே பெஞ்சில் கேட்ட மற்ற சில நம்பிக்கைகளால் முறியும். இருபது வருஷமாக இந்த ரோட்டில் பல வண்டிகள் ஓட்டியவன் என்ற முறையில் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன்.

“வெயிட்டான வண்டி ரோட்டைப் புடிச்சிக்கிட்டுப் போகும். அதான் பத்திரம்.”

இந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று தெரியும். ஜிஎஸ்டி ரோட்டில் 80இல் போகும்போது ஆம்னி பஸ் ஒன்று உரசுகிற மாதிரி தாண்டினால், அந்தக் காற்றில் ஸ்ப்ளெண்டர் ஒரு ஆட்டம் ஆடும். கனமான வண்டி அவ்வளவு ஆடாது. அந்த அளவுக்குச் சரி.

ஆனால் அந்த எடையை நிறுத்த வேண்டியதும் திருப்ப வேண்டியதும் தாங்கிப் பிடிக்க வேண்டியதும் நாம்தான். ஸ்ப்ளெண்டர் பிளஸ் 112 கிலோ. இப்போதைய கிளாசிக் 350 பெட்ரோலோடு 195 கிலோ. வித்தியாசம் 83 கிலோ. நம் ஊர்க் கணக்கில் 75 கிலோ நெல் மூட்டை ஒன்றைத் தூக்கி வண்டியில் கட்டி, மேலே இன்னொரு எட்டு கிலோ வைத்த மாதிரி. ஓடும்போது அந்த மூட்டை தெரியாது. நிற்கும்போதும் நடை வேகத்தில் திருப்பும்போதும்தான் தெரியும்.

என்னுடைய முதல் கனமான வண்டி கீழே விழுந்தது வாங்கிய ஆறாவது நாள். வேகம் பூஜ்யம். மழை விட்ட சாயங்காலம், தார் ரோட்டிலிருந்து மண் ஓரத்துக்கு இறக்கித் திருப்பிக் கொண்டிருந்தேன். ரோட்டுக்கும் மண்ணுக்கும் நாலு விரல் இறக்கம். இடது காலை ஊன்றிய இடத்தில் ஜல்லி இருந்தது, கால் வழுக்கியது. நேராக நிற்கிறவரை இரண்டு விரலில் நிற்கிற வண்டி, ஒரு சாண் சாய்ந்ததும் திடீரென்று கல்தூணாக மாறியது. பிடித்து நிறுத்தப் பார்த்தேன். அதுதான் தவறு. விட்டுவிட்டு விலகியிருந்தால் கிளட்ச் லீவர் மட்டும் போயிருக்கும். பிடித்ததால் சைலன்சர் கெண்டைக்காலில் பதிந்தது. அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

ஆகவே கனமான வண்டி வாங்குகிறவர் முதலில் கற்க வேண்டியது விழுந்த வண்டியைத் தூக்குவது. இன்ஜினை அணையுங்கள். கியரில் போடுங்கள். வலது பக்கமாக விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே தட்டி விடுங்கள். சீட்டுக்கு முதுகைக் காட்டி உட்காருகிற மாதிரிக் குந்தி, ஒரு கையால் ஹாண்டில் பார், மறுகையால் பின் கம்பி. பிறகு தொடையின் பலத்தால் பின்பக்கமாகச் சின்னச் சின்ன அடி வைத்து எழுங்கள். முன்னால் குனிந்து இடுப்பால் தூக்கினால் வண்டி எழாது, இடுப்புதான் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று: மழைக்காலத்தில் மண் ஓரத்தில் சைடு ஸ்டாண்டு புதையும். தட்டையான கல் ஒன்றை அதன் அடியில் வைத்துவிட்டுக் கடைக்குள் போங்கள்.

“350க்கும் 390க்கும் நாப்பது சிசிதானே வித்தியாசம்?”

வண்டியின் முரட்டுத்தனத்தை சிசி சொல்லாது. இதை அந்தத் தம்பிக்குப் புரிய வைக்க டீக்கடைப் பழைய பேப்பரின் ஓரத்தில் கணக்குப் போட்டேன். குதிரைத்திறனை எடையால் வகுத்து, நூறு கிலோவுக்கு எத்தனை குதிரை என்று பார்த்தோம்.

ஸ்ப்ளெண்டர்: 8 குதிரை, 112 கிலோ. நூறு கிலோவுக்கு 7. கிளாசிக் 350: 20 குதிரை, 195 கிலோ. நூறு கிலோவுக்கு 10. அவருடைய மாமா இன்னும் தினம் துடைத்து வைக்கிற யமஹா ஆர்எக்ஸ் 100: 11 குதிரை, 103 கிலோ. கிட்டத்தட்ட 11, கிளாசிக்கைவிட ஒரு சொட்டு கூடவே வரும். 2023இல் வந்த புதிய கேடிஎம் டியூக் 390, உண்மையில் 399 சிசி: 46 குதிரை, 168 கிலோ. நூறு கிலோவுக்கு 27. இன்டர்செப்டர் 650: 47 குதிரை, 217 கிலோ. நூறு கிலோவுக்கு 22தான்.

தம்பி பேப்பரை வாங்கி மறுபடியும் போட்டுப் பார்த்தார். புல்லட் வகை 350 என்பது எடையில் மாமாவின் ஆர்எக்ஸைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இழுவையில் கிட்டத்தட்ட அதற்குச் சமம். டியூக் 390 ஸ்ப்ளெண்டரைவிட நாலு மடங்கு. 650ஐவிடவும் அதுதான் சுள்ளென்று கிளம்பும். இரண்டுமே ‘பெரிய வண்டி’தான். ஆனால் ஒன்று எடையால் சோதிக்கும், மற்றது வலது மணிக்கட்டால் சோதிக்கும். பள்ளத்தில் வண்டி தூக்கிப் போடும்போது, ஆக்சிலேட்டரைப் பிடித்திருக்கும் கை தன்னை அறியாமல் கால்வாசித் திருகு திருகும். ஸ்ப்ளெண்டரில் அதனால் ஒன்றும் ஆகாது. 46 குதிரையில் அந்தக் கால்வாசித் திருகு முன்னால் போகிற டிராக்டரின் பின்பலகை வரை கொண்டுபோய் விடும்.

இதை மற்ற நாட்டார் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல் படிப்படியான லைசென்ஸ். முதல் படியில் 125 சிசி, 11 கிலோவாட். 18 வயதில் இரண்டாம் படி, அதற்கு 35 கிலோவாட் வரம்பு, சுமார் 47 குதிரை. அதில் இரண்டு வருஷம் ஓட்டிய பிறகு தேர்வோ பயிற்சியோ முடித்தால் எல்லையில்லாத லைசென்ஸ். நம் நாட்டில் கியர் வண்டிக்கு ஒரே வகை. 100 சிசியில் எட்டு போட்டவர் மறுநாள் 1,000 சிசியில் ஏறினாலும் சட்டம் தடுக்காது. சட்டம் வைக்காத படியை நாமே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என் கணக்கு இது. ஸ்ப்ளெண்டரிலிருந்து ஏறுகிறவருக்கு 20, 25 குதிரை போதும். எடை 180 கிலோவை ஒட்டி இருந்தால் நல்லது. இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் வேண்டும். அதில் ஒரு வருஷம், எல்லாப் பருவத்திலும். பிறகு 40 குதிரையைத் தொடலாம்.

“எப்படியும் பெருசுக்குத்தானே போகப் போறோம், நேரா வாங்கிட்டா காசு மிச்சம்.”

காசுக் கணக்காகவே பார்ப்போம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி வரி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். புது வண்டிக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 150 சிசி வரை 3,851 ரூபாய், 350 வரை 7,365, அதற்கு மேல் 15,117. டயர், செயின், விழுந்தால் உடைகிற லீவர், இண்டிகேட்டர் எல்லாமே மேலே போகப் போக ஏறும். முதல் வருஷம் வண்டி ஒரு தடவையாவது கீழே சாயும் என்று வைத்துக்கொண்டே வாங்க வேண்டும். சாயப் போகிற வண்டி விலை குறைந்ததாக இருப்பதுதான் மிச்சம். நல்ல நிலையில் இருக்கிற பழைய வண்டியை ஒரு வருஷம் ஓட்டி விற்றால், வாங்கிய விலையில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும்.

பழசு என்றதும் ஒரு எச்சரிக்கை. அந்தக் கால புல்லட்டில் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். அழகான வண்டி, சத்தமும் தனி. ஆனால் பத்து வருஷம் இடது காலில் கியர் போட்டுப் பழகியவர் அவசரத்தில் பிரேக் என்று நினைத்து மிதிப்பது கியராக இருக்கும். முதல் வண்டியாக அது வேண்டாம்.

“குட்டையா இருக்கறவங்க பெரிய வண்டி ஓட்ட முடியாது.”

முடியும். மீட்டியர் 350இன் சீட் உயரம் 765 மில்லிமீட்டர், அதாவது ஸ்ப்ளெண்டரின் 785ஐவிடக் குறைவு. ஹண்டர் 350க்கு 790, கிளாசிக்குக்கு 805, டியூக் 390க்கு 820. இந்த எண்களையும் முழுக்க நம்ப வேண்டாம். சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து கால் எட்டாது, ஒல்லியாக இருந்தால் கூடுதல் உயரத்திலும் எட்டும். ஷோரூமில் தினம் போடுகிற அதே செருப்பு அல்லது ஷூவோடு போய் உட்காருங்கள். இரண்டு பாதமும் முழுசாகப் பதிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு பாதம் முழுசாகப் பதிந்து, மறுகாலின் முன்பாதம் ஊன்றினால் போதும். உட்கார்ந்தபடியே பத்தடி பின்னால் தள்ளிப் பாருங்கள். தள்ள முடியவில்லை என்றால், செஞ்சி பஸ் ஸ்டாண்டு நெரிசலில் அந்த வண்டி உங்களுக்குப் பாரம். பெண்கள் வண்டி பார்க்க வந்தால் கூட வந்த ஆணிடமே எல்லாவற்றையும் விளக்குகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. ஓட்டப் போகிறவர் உட்கார்ந்து தள்ளிப் பார்க்கட்டும், கூட வந்தவர் டீ குடிக்கட்டும்.

“சைலன்சர் சத்தம் போட்டா தூரத்துலயே ஒதுங்கிடுவாங்க.”

சத்தம் பின்னால் போகிறது. ஆபத்து முன்னாலிருந்து வருகிறது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பாட்டுக் கேட்கிற டிரைவருக்கு எதுவும் கேட்காது. கம்பெனி போட்டுக் கொடுத்ததை இஷ்டத்துக்கு மாற்றுவதே சட்டப்படி தவறு. அந்தப் பணத்துக்கு ஐஎஸ்ஐ முத்திரையுள்ள நல்ல ஹெல்மெட், பின்னால் உட்காருகிறவருக்கும் ஒன்று, கையுறை ஒரு ஜோடி வாங்கலாம். 2022இல் மட்டும் இந்தியாவில் ஹெல்மெட் போடாததால் இறந்தவர்கள் என்று மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கை எண்ணியது 50,029 பேரை. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். அதே வருஷம் நாட்டிலேயே அதிக சாலை விபத்து பதிவானது தமிழ்நாட்டில்தான், 64,105.

“இத்தனை வருஷமா ஓட்டுறேன், எனக்கென்ன கத்துக்க இருக்கு?”

செஞ்சிச் சீமையில் இந்தப் பேச்சுக்கு ஒரு ராஜாவே துணை வருவார். யாருக்கும் அடங்காத டில்லி பாதுஷாவின் குதிரையில் தேசிங்கு ஏறியதும் அது அடங்கியது என்று கதைப்பாடல் சொல்லும். கேட்டு வளர்ந்த நமக்கும் ஏறி உட்கார்ந்தால் வந்துவிடும் என்ற எண்ணம் உள்ளே கிடக்கிறது. தேசிங்கு 1714இல், ஆற்காட்டு சாதத்துல்லா கானின் படையோடு மோதி, இருபதுகளின் தொடக்கத்திலேயே களத்தில் இறந்தார். அவர் வீரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரியைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கும் நெஞ்சு நிமிரும். ஆனால் குதிரைக்கும் வண்டிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. குதிரைக்குத் தன் உயிர் மேல் ஆசை இருக்கிறது. பள்ளத்தைப் பார்த்தால் தானே நிற்கும், இருட்டில் மிரளும். வண்டிக்கு அந்தப் பயம் கிடையாது. பயப்பட வேண்டியது முழுக்க நம் வேலை.

அமெரிக்காவின் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை கொடுத்தார்கள். பழைய ஆய்வுதான், வேறு நாடுதான். ஆனால் அதில் வருகிற மனிதர்கள் நம் டீக்கடை ஆட்களைப் போலவே இருக்கிறார்கள். விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாமே கற்றவர்கள், அல்லது வீட்டாரிடமும் நண்பர்களிடமும் கற்றவர்கள். பாதிப் பேருக்கு மேல், விபத்து நடந்த அந்த வண்டியில் ஐந்து மாதப் பழக்கம்கூட இல்லை. எத்தனை வருஷம் வண்டி ஓட்டியவர் என்பது வேறு. இந்த வண்டியில் எத்தனை மாதம் என்பது வேறு.

நம் ரோட்டில் அந்த ஐந்து மாதத்துக்குள் என்னென்ன வரும்? ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயும், ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். இரவில் பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் மெதுவாக ஊர்ந்து போகும். அமாவாசைக்கு மேல்மலையனூர், பௌர்ணமிக்கு திருவண்ணாமலை என்று தூக்கம் கெட்ட டிரைவர்களோடு வேன்கள் விரையும். எனவே முதல் இரண்டு மாதம் பகலில், தெரிந்த ரோட்டில், தனியாக ஓட்டுங்கள். வீட்டாரைப் பின்னால் ஏற்றுவது பிறகு. ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையிலிருந்து கோட்டைக்கு வருகிற கூட்டத்தோடு சேர்ந்து ஓட்டுவது அதற்கும் பிறகு.

“முன் பிரேக்கைத் தொட்டா தூக்கி அடிச்சிடும்.”

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். இதை அன்போடு சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பதால் இன்னும் ஆபத்து. எனக்கு என் சித்தப்பா சொன்னார். தம்பிக்கு அவர் அப்பா சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் சைக்கிளில் மண்ணில் முன் பிரேக்கைப் பிடித்து விழுந்த நினைவு எல்லோருக்கும் இருக்கிறது.

நடப்பது என்னவென்றால், பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரமும் நம் பாரமும் முன்னால் சாய்கின்றன. முன் டயர் ரோட்டில் அழுந்துகிறது, பின் டயர் லேசாகிறது. லேசான டயரால் அதிகம் நிறுத்த முடியாது. ஓங்கி மிதித்தால் பூட்டிக்கொண்டு வழுக்கும். நிறுத்துகிற வேலையில் பெரும்பகுதி முன் சக்கரத்துடையது. காய்ந்த தார் ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு பிரேக்கும் நன்றாகப் பிடித்தால் சுமார் 20 மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக் மட்டும் என்றால் அதைப்போல இரண்டு மடங்கு. கண் பார்த்துக் கை அசைவதற்குள் போகிற 17 மீட்டர் இதில் சேரவில்லை. வேகம் 90 ஆனால் நிற்கும் தூரம் ஒன்றரை மடங்காகாது, இரண்டேகால் மடங்காகும்.

தூக்கி அடிப்பது எப்போது? லீவரைச் ‘சட்’டென்று பறித்தால். எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி, தொடங்கும்போது மெதுவாக, பிறகு அழுத்தம் கூட்டிக்கொண்டே போனால் தூக்காது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிக்கும் ஏபிஎஸ் கட்டாயம். சக்கரம் பூட்டப் போகிறது என்று தெரிந்ததும் அது பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். லீவரில் அந்தத் துடிப்பு தெரிந்தால் பயந்து விட்டுவிடாதீர்கள், பிடித்தபடியே இருங்கள். சில 350 வண்டிகளின் விலை குறைந்த வகைகளில் முன்சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் வருவதுண்டு. வாங்கும்போது வாய்விட்டுக் கேளுங்கள். மணலிலும் காய்கிற நெல்லிலும் ஏபிஎஸ்ஸால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. டயர் பிடிக்க ஏதாவது வேண்டுமே. அங்கே வேகத்தை முன்னமே குறைப்பது ஒன்றுதான் வழி. வளைவில் சாய்ந்திருக்கும்போதும் அப்படியே.

இதை டீக்கடையில் உட்கார்ந்து புரிய வைக்க முடியாது. அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு தம்பியை வரச் சொன்னேன். ஊருக்கு வெளியே மனை போட்டு, தார் ரோடும் போட்டு, ஒரு வீடுகூட வராத இடம் ஒன்று இருக்கிறது. புது வண்டி இன்னும் வரவில்லை, அப்பாவின் ஸ்ப்ளெண்டரிலேயே வந்தார். ஒரு செங்கல்லை ஓரத்தில் வைத்தோம். 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, செங்கல்லைத் தாண்டும்போது பிரேக். எங்கே நிற்கிறார் என்று தப்படி போட்டு அளப்பது என் வேலை.

பழக்கப்படி பின் பிரேக் மட்டும்: 17 தப்படி. பின் டயர் கீச்சிட்டு வால் ஆடியது. அடுத்தது இரண்டும் சேர்த்து, முன் பிரேக்கை இரண்டு விரலால் தொட்டும் தொடாமலும்: 15. விரல்கள் இன்னும் பயந்தன. நாலாவது தடவை 13. முன் ஃபோர்க் அமுங்குவதை உடம்பில் உணர்ந்ததும் முகம் மாறியது. தலையை நிமிர்த்தி, செங்கல்லைப் பார்க்காமல் தூரத்து வேப்ப மரத்தைப் பார்க்கச் சொன்னேன். பத்தாவது தடவை 11 தப்படி. வண்டி நேர்கோட்டில் நின்றது, டயர் சத்தமே இல்லை.

ஹெல்மெட்டைக் கழற்றாமல் திரும்பி, தான் நின்ற இடத்துக்கும் முதலில் நின்ற இடத்துக்கும் நடுவே இருந்த ஆறு தப்படியை நடந்து பார்த்தார். “ஒரு மாடு நிக்கிற இடம்ணே இது” என்றார். மறுபடி வண்டியில் ஏறினார். இந்தத் தடவை 40இல் வரட்டுமா என்று கேட்டார்.